மங்கிப்போன கார் மறுபடி மின்னுமா? பெயின்ட் அடிக்கக் கொடுக்கும் முன் படியுங்கள்!

``வாங்கின புதுசுல பானெட்டைப் பார்த்துத் தலை வாரிக்கலாம். இப்போ சுண்ணாம்பு அடிச்ச மாதிரி ஆயிடுச்சு.''

எட்டு, பத்து வருடங்களைத் தாண்டிய கார் நிற்கும் வீடுகளில் இந்தப் பேச்சு வராமல் இருக்காது. இன்ஜின் நன்றாக ஓடும். ஏசி குளிரும். ஆனால் கூரையும் பானெட்டும் வெளுத்துப்போய், வண்டி தன் வயதைவிடக் கிழடாகத் தெரியும்.

உடனே வீட்டில் இரண்டு கட்சிகள் உருவாகிவிடும். ``முழுசா பெயின்ட் அடிச்சிடலாம்'' என்பது ஒன்று. ``பழைய வண்டிக்கு எதுக்குத் தண்டச் செலவு? வந்த விலைக்குத் தள்ளிடலாம்'' என்பது இன்னொன்று. இரண்டு முடிவுமே அவசரம்தான். பல வண்டிகளில் கெட்டுப்போயிருப்பது பெயின்டின் மேல்தோல் மட்டுமே. அதற்குக் கீழே நிறம் நன்றாக இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாலைந்து நல்ல துணிகள், கொஞ்சம் பொறுமை... இவை போதும், அதை வெளியே கொண்டுவர.

ஆனால், இதே வேலையைத் தெரியாமல் செய்தால் மிச்சமிருக்கும் பெயின்டும் போய்விடும். அதனால் துணியைக் கையில் எடுக்கும் முன் சில விஷயங்களைத் தெரிந்துகொள்வது நல்லது.

ஒரு தாளின் தடிமன்தான்!

காரின் பெயின்ட் ஒரே பூச்சு இல்லை. இரும்புத் தகட்டின் மேல் துருவைத் தடுக்கும் பூச்சு, அதற்கு மேல் பிரைமர், அதற்கு மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத கிளியர் கோட். இத்தனையும் சேர்ந்து பெரும்பாலான கார்களில் 100 முதல் 150 மைக்ரான்தான் இருக்கும். ஜெராக்ஸ் எடுக்கும் தாளின் தடிமன் சுமார் 100 மைக்ரான். ஆக, வண்டியின் மொத்தப் பெயின்டும் ஒரு தாள், மிஞ்சினால் ஒன்றரைத் தாள்.

அதில் பளபளப்பைத் தருவது மேலே உள்ள கிளியர் கோட். அது 40 மைக்ரான் வாக்கில் இருந்தாலே அதிகம். நம் தலைமுடியைவிட மெல்லியது. வெயிலின் புற ஊதாக் கதிர்களைத் தாங்கி, கீழே உள்ள நிறத்தைக் காப்பாற்றும் பொருள் அதில்தான் கலந்திருக்கிறது.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். பாலிஷ் போடுவது என்றால் ஏதோ ஒன்றைப் பூசி மின்ன வைப்பது என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் பாலிஷ் என்பது தேய்த்து எடுப்பது. கெட்டுப்போன மேல்பரப்பைச் சில மைக்ரான் அளவுக்குச் சீவி எடுத்துவிட்டு, கீழே இருக்கும் நல்ல பரப்பை வெளியே காட்டுகிறோம். எடுத்தது எடுத்ததுதான், அது திரும்ப வளராது. ஆகவே, ஒரு வண்டிக்கு அதன் ஆயுளில் ஆழமான பாலிஷ் சில முறைகள்தான் போட முடியும். இந்தக் கணக்கு மனதில் இருந்தால் மற்ற எல்லாம் தானாகப் புரிந்துவிடும்.

ஏன் மங்குகிறது?

முதல் எதிரி வெயில். புற ஊதாக் கதிர்களும் காற்றில் உள்ள ஆக்சிஜனும் சேர்ந்து பெயின்டைப் பிடித்துவைத்திருக்கும் பிசினை மெல்ல மெல்லச் சிதைக்கின்றன. மேல்பரப்பு கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளமாகிறது. சமமான பரப்பில் விழும் வெளிச்சம் ஒரே திசையில் திரும்பி வரும், அதுதான் பளபளப்பு. மேடு பள்ளத்தில் விழும் வெளிச்சம் நாலா பக்கமும் சிதறும், அதுதான் மங்கல். கூரையும் பானெட்டும் முதலில் வெளுப்பதற்குக் காரணம், நடுப்பகல் வெயில் நேராக விழுவது அங்கேதான். சிவப்பு நிற வண்டிகள் சீக்கிரம் வெளுப்பதற்கு, சிவப்பு நிறமிகள் பலவும் வெயிலை அவ்வளவாகத் தாங்காதவை என்பது காரணம்.

இரண்டாவது எதிரி தண்ணீர். நம் ஊர் போர் தண்ணீரில் கால்சியம், மெக்னீசியம் உப்புகள் அதிகம். கழுவிவிட்டு அப்படியே காயவிட்டால் தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு வட்ட வட்டமாக வண்டியிலேயே தங்கிவிடும். `வீணாகப் போகிறதே' என்று ஆர்.ஓ. மெஷின் வெளியேற்றும் தண்ணீரைப் பிடித்து வைத்துக் கார் கழுவுபவர்கள் உண்டு. நல்ல எண்ணம்தான். ஆனால் குடிநீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் அந்தத் தண்ணீரில்தான் சேர்ந்திருக்கிறது. டயருக்கும் அடிப்பகுதிக்கும் அதைப் பயன்படுத்துங்கள், பெயின்டுக்கு வேண்டாம்.

மூன்றாவது எதிரி நம் கையில் இருக்கும் துணி. காலையில் ஒரு வாளித் தண்ணீர், ஒரு பழைய பனியன் துணி. அதை வைத்தே கூரையிலிருந்து சக்கரம் வரை துடைத்து, அதே துணியை அதே தண்ணீரில் அலசி, மறுபடி கூரைக்குப் போவது. தூசி என்பது பெரும்பாலும் பொடி மணல்தான். தினமும் மணலை வைத்துத் தேய்த்தால் என்ன ஆகும்? வெயிலில் பார்த்தால் சிலந்தி வலை போல வட்ட வட்டக் கீறல்கள் தெரிகின்றனவே, அவை இப்படி வந்தவைதான்.

காக்கை, புறா எச்சங்களும் சாதாரணமில்லை. அவற்றில் உள்ள அமிலம் ஒருபுறம். வெயிலில் எச்சம் காய்ந்து இறுகும்போது சூட்டில் இளகிய பெயின்டில் தடம் பதிவது மறுபுறம்.

உங்கள் வண்டிக்கு என்ன வியாதி?

மருந்துக்கு முன்னால் பரிசோதனை. வண்டியை நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டு, இந்த நான்கையும் செய்து பாருங்கள்.

தண்ணீர் சோதனை: மங்கிய இடத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். ஈரமாக இருக்கும்போது நிறம் பளிச்சென்று தெரிந்து, காய்ந்ததும் மறுபடி மங்கினால் நல்ல செய்தி. மேடு பள்ளங்களைத் தண்ணீர் நிரப்பியதால் வந்த பளிச் அது. பாலிஷுக்கு நன்றாகவே பலன் கிடைக்கும். ஈரத்திலும் வெள்ளைத் திட்டாகவே தெரிந்தால் மேல்பூச்சு செத்துப்போயிருக்க வாய்ப்பு அதிகம்.

ஓர நகச் சோதனை: திட்டுகளின் ஓரத்தை நகத்தால் மெதுவாக வருடுங்கள். செதில் செதிலாகப் பெயர்ந்து வந்தால் கிளியர் கோட் உரிய ஆரம்பித்துவிட்டது. எந்தப் பாலிஷும் அதை ஒட்டவைக்காது.

பிளாஸ்டிக் கவர் சோதனை: மெல்லிய பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு பானெட்டைத் தடவுங்கள். சொரசொரவென்று இருந்தால், கழுவினாலும் போகாத துகள்கள் பெயின்டில் ஒட்டியிருக்கின்றன. வீட்டுப் பிள்ளைகளை அழைத்துச் செய்யச் சொல்லுங்கள், ரசித்துச் செய்வார்கள்.

வெள்ளைத் துணி சோதனை: கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலையில், வெள்ளைத் துணியில் துளி பாலிஷ் தொட்டுத் தேயுங்கள். துணியில் வண்டியின் நிறம் ஏறினால் அது கிளியர் கோட் இல்லாத பழைய ரகப் பெயின்ட். பயப்பட வேண்டாம், அந்த ரகத்தில் நிறம் ஒட்டுவது இயல்பு. மெட்டாலிக் நிறங்களில் அநேகமாகக் கிளியர் கோட் இருக்கும். அந்த வண்டியில் துணியில் நிறம் வந்தால் மட்டும் உடனே நிறுத்திவிடுங்கள். மேல்தோல் தேய்ந்து, நிறத்தைத் தொட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம்.

காம்பவுண்ட், பாலிஷ், வாக்ஸ்: எது எதற்கு?

கடையில் மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். டப்பாக்களும் ஒரே மாதிரி இருக்கும். ஆனால் வேலை வேறு வேறு.

ரப்பிங் காம்பவுண்ட் என்பது சற்றே கரடான தேய்ப்புப் பசை. அதிகம் சீவும். பாலிஷ் அதைவிட நைசானது, கொஞ்சமாகச் சீவி வழவழப்பாக்கும். வாக்ஸ் எதையும் சீவாது. மேலே ஒரு மெல்லிய படலமாக உட்கார்ந்து காக்கும். நல்ல வாக்ஸ்களில் சேர்க்கப்படும் கார்நுபா என்ற மெழுகு, பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒருவகைப் பனையின் ஓலையிலிருந்து எடுப்பது. சுட்டெரிக்கும் வெயிலில் ஈரம் போய்விடாமல் அந்த மரம் தன் ஓலைக்குப் பூசிக்கொள்ளும் மெழுகைத்தான் நாம் வண்டிக்குப் பூசுகிறோம்.

விதி ஒன்றுதான்: மென்மையானதில் தொடங்குங்கள். முதலில் பாலிஷ் மட்டும். அதில் சரியாகவில்லை என்றால் மட்டுமே காம்பவுண்ட். முழங்கால் வலிக்கு நேராக ஆபரேஷன் தியேட்டருக்கா போவோம்?

வீட்டிலேயே செய்வது எப்படி?

நிழல் வேண்டும். காலை எட்டு மணிக்குள்ளோ, மாலையிலோ செய்யுங்கள். தகட்டில் கை வைத்தால் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். சூடான தகட்டில் பாலிஷ் உடனே காய்ந்து திட்டாகப் பிடித்துக்கொள்ளும்.

1. கழுவுங்கள். இரண்டு வாளிகள். ஒன்றில் கார் ஷாம்பு கலந்த தண்ணீர், இன்னொன்றில் வெறும் தண்ணீர். துணியை அலசுவது வெறும் தண்ணீர் வாளியில் மட்டும். முதலில் தண்ணீரைப் பீய்ச்சி மண்ணை இறக்கிவிட்டு, பிறகு மேலிருந்து கீழாகத் துடையுங்கள். சக்கரமும் கீழ்ப்பகுதியும் கடைசி, அவற்றுக்குத் தனித்துணி.

2. உப்புக் கறையை எடுங்கள். சமையலறை வெள்ளை வினிகர் ஒரு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு. துணியில் நனைத்துக் கறைமேல் ஒரு நிமிடம் வைத்து, மெதுவாகத் துடைத்து, உடனே நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள். ஊறவிட்டு மறந்துவிடக் கூடாது.

3. சொரசொரப்பை எடுங்கள். இதற்கென்றே கிளே பார் என்று களிமண் போன்ற ஒரு பொருள் கிடைக்கிறது. ஷாம்பு தண்ணீரை நிறையத் தெளித்து, அந்த வழுக்கலில் லேசாக ஓட்டினால் துகள்களைப் பிடித்துக்கொள்ளும். கை தவறித் தரையில் விழுந்துவிட்டால் அந்தத் துண்டைத் தூக்கிப் போடுங்கள். ஒட்டிய ஒரு மணல் போதும், பானெட் முழுக்கக் கோடு போட.

4. டேப் ஒட்டுங்கள். ரப்பர் பட்டைகள், கறுப்பு பிளாஸ்டிக் பாகங்கள், பெயர் எழுத்துகள் இவற்றின் மேல் மாஸ்கிங் டேப். இல்லாவிட்டால் பாலிஷ் புகுந்து வெள்ளையாகக் காய்ந்துவிடும். கதவு, பானெட் ஓரங்களிலும் கூர்மையான மடிப்புகளிலும் டேப் ஒட்டுங்கள். பெயின்ட் மிக மெல்லியதாக இருப்பது அங்கேதான்; முதலில் தேய்ந்துபோவதும் அங்கேதான்.

5. ஓரிடத்தில் மட்டும் முயலுங்கள். ஒரு சாண் சதுரம் போதும். அதில் திருப்தியான பலன் வந்த பிறகே மற்ற இடம். கொண்டைக்கடலை அளவில் மூன்று, நான்கு சொட்டு பாலிஷ். ஃபோம் பஞ்சில் தொட்டு, மிதமான அழுத்தத்தில், ஒரு தேய்ப்பின் மேல் அடுத்த தேய்ப்பு பாதி விழும்படி தேயுங்கள். பிறகு சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால் துடைத்து, டார்ச் அடித்துப் பாருங்கள். பலன் போதவில்லை என்றால் இன்னொரு முறை. போதும் என்று தோன்றியதும் நிறுத்திவிடுங்கள். `இன்னும் கொஞ்சம்' என்ற ஆசைதான் இந்த வேலையில் ஆபத்து.

6. பகுதி பகுதியாகப் போங்கள். இரண்டடிக்கு இரண்டடி ஒரு பகுதி. கையால் செய்தால் ஒரே நாளில் முழு வண்டியும் முடியாது. முதல் வாரம் கூரை, பானெட், டிக்கி. அடுத்த வாரம் கதவுகள் என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வாரமும் முடித்த பகுதிக்கு அன்றைக்கே வாக்ஸ் பூசிவிடுங்கள்.

7. வாக்ஸ் பூசுங்கள். மெல்லியதாக. தடிமனாகப் பூசினால் கூடுதல் பலன் இல்லை, துடைக்கும் கைதான் வலிக்கும். லேசாகப் பனி படர்ந்தது போலக் காய்ந்ததும் வேறு சுத்தமான துணியால் துடைத்துவிடுங்கள். பாலிஷ் போட்டுவிட்டு வாக்ஸைத் தவிர்ப்பது, குழந்தையைக் குளிப்பாட்டிவிட்டுச் சட்டை போடாமல் வெயிலில் விடுவது போல.

இதையெல்லாம் தவிருங்கள்

மண்ணெண்ணெயிலோ டீசலிலோ துணியை நனைத்துத் துடைப்பது நம் ஊரில் பழைய வழக்கம். அந்தப் பளபளப்பு தண்ணீர் தெளித்தபோது வந்த பளிச் மாதிரிதான். மேடு பள்ளத்தை எண்ணெய் நிரப்பியதால் வருவது. இரண்டு நாளில் ஊர்த் தூசியெல்லாம் அதில் ஒட்டும். ஒட்டிய தூசியைத் துடைக்கும்போது கீறல் விழும். தேங்காய் எண்ணெய்க்கும் இதே பதில்.

பற்பசையிலும் தேய்க்கும் பொடி உண்டு. ஆனால் அது பல்லுக்காகச் செய்தது, எந்த அளவுக்குச் சீவும் என்பது பெயின்டுக்காகக் கணக்கிட்டதில்லை. துணி துவைக்கும் பவுடரும் பாத்திரம் கழுவும் லிக்விடும் போட்டுக் கழுவினால், கஷ்டப்பட்டுப் பூசிய வாக்ஸ் சீக்கிரமே கரைந்துபோகும். தூசி படிந்த வண்டியை உலர்ந்த துணியால் தட்டவும் வேண்டாம், அதன் மேல் அப்படியே கவர் போடவும் வேண்டாம். காற்றில் கவர் ஆட ஆட, உள்ளே இருக்கும் மணல் உப்புத்தாள் வேலையைச் செய்யும்.

கடையில் கொடுப்பதாக இருந்தால்...

மெஷின் வைத்து ஒரு மணி நேரத்தில் மின்ன வைத்துத் தருகிறார்கள். நல்ல கையாக இருந்தால் மெஷின் பாலிஷ் அருமையானது. ஆனால் வேகமாகச் சுற்றும் மெஷினை ஒரே இடத்தில் சில விநாடிகள் கூடுதலாக வைத்தாலே பெயின்ட் சூடேறி எரிந்துவிடும். எனவே, வண்டியை விடும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். பெயின்ட் தடிமனை அளக்கும் மீட்டர் வைத்திருக்கிறீர்களா? முதலில் ஓரிடத்தில் செய்து காட்டுவீர்களா? காம்பவுண்ட் போடுவீர்களா, பாலிஷ் மட்டுமா? அக்கறையாகச் செய்பவர் இந்தக் கேள்விகளுக்குச் சந்தோஷமாகப் பதில் சொல்வார்.

செராமிக் கோட்டிங் செய்யச் சொன்னால், அதற்கும் ஒரு வார்த்தை. அது வாக்ஸைவிட நீண்ட நாள் நிற்கும் பாதுகாப்புதான். ஆனால் மங்கலை அதனால் மறைக்க முடியாது. அடியில் இருக்கும் கீறலையும் சேர்த்துத்தான் அது பூட்டி வைக்கும். முதலில் பெயின்டைச் சரிசெய்துவிட்டே அதைப் போட வேண்டும். போட்ட பிறகும் வண்டியைக் கழுவத்தான் வேண்டும்.

பெயின்ட் அடித்தே ஆக வேண்டுமா?

கிளியர் கோட் உரிந்துவிட்டது, துரு கிளம்பிவிட்டது, பெயின்டில் வெடிப்பு விழுந்துவிட்டது என்றால் பாலிஷுக்கு நேரம் கடந்துவிட்டது. அப்போதும் முழு வண்டிக்கும் அடிக்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் இருக்காது. கூரை மட்டும், பானெட் மட்டும் என்று கெட்டுப்போன பாகத்துக்கு மட்டும் அடித்துக்கொள்ளலாம்.

இதற்கு ஒரு காரணம் உண்டு. தொழிற்சாலையில் வெறும் கூடாக இருக்கும் வண்டியை 140 டிகிரி செல்சியஸ் வாக்கில் சூடேற்றிப் பெயின்டை இறுக வைக்கிறார்கள். ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில் ஒயர், ரப்பர், பிளாஸ்டிக் எல்லாம் இருப்பதால் அந்தச் சூட்டைத் தர முடியாது. ஒர்க்‌ஷாப் பூத்துகளில் 60 டிகிரி அளவுக்குத்தான் சூடேற்றுகிறார்கள். நல்ல ஒர்க்‌ஷாப்பில் நன்றாகவே அடித்துத் தருவார்கள் என்றாலும், கம்பெனி பெயின்ட் போனால் போனதுதான். பழைய கார் வாங்குபவர்கள் `ஒரிஜினல் பெயின்டா?' என்று கேட்பதும் சும்மா இல்லை. முழு வண்டிக்கும் புதுப் பெயின்ட் என்றால், `எங்கேயோ அடிபட்டிருக்குமோ' என்ற சந்தேகம் அவர்களுக்கு வரும். விற்கப்போகிற நேரத்தில் நீங்கள் செய்த செலவே விலையைக் குறைக்கக்கூடும். இன்னொன்று, ஆர்.சி.யில் வண்டியின் நிறமும் பதிவாகியிருக்கிறது. வேறு நிறம் அடித்தால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அதைப் பதிவுசெய்ய வேண்டும்.

பைக்குக்கும் இதேதானா?

ஆமாம். டேங்க், மட்கார்டு எல்லாவற்றுக்கும் இதே முறைதான். ஆனால் ஸ்டிக்கரின் ஓரத்தில் தேய்க்காதீர்கள். மேட் ஃபினிஷ் வண்டிகளுக்கு பாலிஷும் வாக்ஸும் கூடவே கூடாது. தேய்த்த இடம் மட்டும் மினுங்கித் திட்டாகிவிடும், அதைத் திருப்ப முடியாது.

கேரவன் வண்டிகளிலும் படகுகளிலும் இருக்கும் ஃபைபர் பாடியின் கதை சற்று வேறு. அதன் மேல்பூச்சை ஜெல் கோட் என்பார்கள். வெயிலில் அதுவும் சுண்ணாம்பு மாதிரி வெளுக்கும். ஆனால் அது சுமார் அரை மில்லிமீட்டர் தடிமன் இருக்கும் என்பதால் கிளியர் கோட்டைவிடத் தாராளமாகவே தேய்ப்பைத் தாங்கும். அங்கேயும் கடைசி வேலை வாக்ஸ்தான்.

மின்னியது மங்காமல் இருக்க...

மூன்று மாதத்துக்கு ஒருமுறை வாக்ஸ் பூசுங்கள். கழுவும்போது தண்ணீர் முத்து முத்தாக உருண்டால் வாக்ஸ் இன்னும் இருக்கிறது. பரவி நின்றால் அடுத்த பூச்சுக்கு நேரமாகிவிட்டது. கழுவியதும் காயும் முன் துடைத்துவிடுங்கள். பறவை எச்சத்தைச் சுரண்ட வேண்டாம். ஈரத்துணியைச் சில நிமிடங்கள் அதன்மேல் போட்டு, ஊறியதும் ஒற்றி எடுங்கள். அதையும் அன்றைக்கே செய்யுங்கள். கடலோர ஊர்க்காரர்கள் வாரம் ஒருமுறையாவது நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள்.

தினமும் வந்து கார் துடைக்கும் தம்பியோ அண்ணனோ இருந்தால், அவருக்கு நாலு மைக்ரோஃபைபர் துணி வாங்கிக் கொடுத்துவிடுங்கள். ``தண்ணி ஊத்தி மண்ணை இறக்கிட்டுத் துடைங்கண்ணே, தினமும் வேண்டாம், வாரம் ரெண்டு நாள் போதும். சம்பளத்தில் மாற்றமில்லை'' என்று சொல்லிப் பாருங்கள். அவருக்கும் வேலை குறையும், வண்டிக்கும் ஆயுள் கூடும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை முழு வண்டியையும் எடுக்க வேண்டாம். பானெட்டில் ஒரு சாண் இடம் மட்டும் செய்து பாருங்கள். அந்தச் சதுரத்தில் வீட்டு மாடியும் வானமும் தெரிந்தால், மற்ற இடத்துக்கும் அந்தப் பெயின்ட் போதும்.